கோழித்தொடைக்குள் ஒரு கடுகு

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தேக்கா சந்தையில் வாங்கிய கோழித்தொடையை ஓவனில் சுட்டேன். தெர்மாமீட்டர் 78 காட்டியது. ஆனால் எலும்போரம் சிவப்பாகவே இருந்தது. எதை நம்புவது?"

தெர்மாமீட்டரை நம்புங்கள். இளங்கோழியின் எலும்பிலிருந்து மஜ்ஜையின் நிறம் கசிந்து, நன்றாக வெந்த கறியையும் சிவப்பாகக் காட்டும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசிய கறியோ, வேகும் முன்பே வெந்தது மாதிரி தெரியும். சால்மோனெல்லா போன்ற கிருமிகளைக் கொல்வது சூடுதான். உள்சூடு 75 டிகிரி செல்சியஸைத் தொடவேண்டும் என்கிறது சிங்கப்பூர் உணவு அமைப்பு.

சரி, கறிக்குள் குத்தும் தெர்மாமீட்டர் ஊசிக்குச் சூடு எப்படித் தெரிகிறது? டிஜிட்டல் வகைகள் பலவற்றில், ஊசி முனைக்குள் கடுகளவு செராமிக் மணி ஒன்று இருக்கிறது. பெயர் தெர்மிஸ்டர். மாங்கனீசு, நிக்கல் போன்றவற்றின் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்தது. செம்புக் கம்பி சூடானால் அணுக்கள் அதிர்ந்து எலக்ட்ரான்களின் வழியை மறிக்கும், மின்தடை கூடும். இந்த மணியில் நடப்பது நேர் எதிர். இங்கே எலக்ட்ரான்கள் அணுக்களோடு ஒட்டிக் கிடக்கின்றன. சூடு ஒரு தள்ளு தள்ளினால்தான் பக்கத்து அணுவுக்குத் தாவும். சூடு ஏற ஏறத் தாவல் பெருகும், தடை சரியும். 25 டிகிரியில் 10,000 ஓம் தடை இருக்கும் மணி, 75 டிகிரியில் சுமார் 1,500 ஓமுக்கு இறங்கிவிடும்! அதே 50 டிகிரிக்குச் செம்பின் தடை மாறுவது 20 சதவீதம்தான். இவ்வளவு பெரிய மாற்றத்தை அளக்க ஒரு பொத்தான் பேட்டரியும் சின்ன மின்னணுச் சில்லும் போதும். பள்ளிச் சமையல் வகுப்பில் இதைப் பிரித்துக் காட்டவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மணி முனையில் இருப்பதால் முனை தொடும் இடத்தின் சூடுதான் திரையில் வரும். போன தீபாவளிக்கு நான் சுட்ட தொடை மேலே பொன்னிறமாக இருந்தது. எலும்பில் படாமல் ஊசியை மெல்ல இறக்கினேன்: 81, 74, 66, 63. இருப்பதிலேயே குறைந்த அந்தக் கடைசி எண்தான் கணக்கு. ஊசியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தொடையை மறுபடி ஓவனுக்குள் தள்ளினேன்.

அப்புறம், ஊசி மேலேயே சந்தேகம் வந்தால் ஒரு குவளை நிறைய நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, முனையை நடுவில் பிடியுங்கள். பூச்சியம் காட்டவேண்டும்.