அலர்ட் வரவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை

இந்த வருடத்தில் இப்படி நடப்பது இது மூன்றாவது முறை. போன திங்கட்கிழமை காலை ஏழரைக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றிலிருந்து போன். "அண்ணே, எடை மேடை கம்ப்யூட்டர் ஆபீஸோட பேசவே மாட்டேங்குது. வெளிய லாரி வரிசை கட்டி நிக்குது."

போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாயங்கால இடியில் எடை மேடையின் நெட்வொர்க் ஸ்விட்ச் கருகிப் போயிருந்தது. (செம்புக் கேபிளை வெளியே இழுக்காதீர்கள், ஃபைபர் போடுங்கள் என்று எத்தனை முறை சொல்வது!) சனி, ஞாயிறு ஆலை ஓடவில்லை. பூட்டிய அறைக்குள், நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் ஸாபிக்ஸ் என்ற மென்பொருளின் திரை மட்டும் சிவப்பாகக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. மின்னஞ்சலும் போயிருக்கிறது, தீபாவளிக்கு முன்பே வேலையை விட்டுப் போன தம்பியின் முகவரிக்கு. பறித்த பழக்குலையை 24 மணி நேரத்துக்குள் அவித்துவிடப் பார்ப்பார்கள். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும். அந்தக் குலைகள் லாரியிலேயே காய்ந்தன.

ஆபீஸ் எழுத்தரான கிராணி சொன்னார்: "அலர்ட் ஒண்ணும் வரலையே, அதனால எல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சோம்."

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு மனசு பதறுகிறது. அலர்ட் வராமல் போக ஆயிரம் வழி இருக்கிறது. ஸாபிக்ஸை நிறுவியதும் நிர்வாகிக்குத் தகவல் அனுப்பும் விதி ஒன்று தயாராக இருக்கும், ஆனால் அணைத்தே இருக்கும். நீங்கள்தான் போட வேண்டும். போடாவிட்டாலும் திரையில் சிவப்பு தெரியும், அதனால் வேலை செய்வதாகவே தோன்றும். விதியைப் போட்டாலும் ஆளின் கணக்கில் முகவரி இருக்க வேண்டும். ஜிமெயில் வழியாக அனுப்பினால், 2022-க்குப் பிறகு சாதாரண பாஸ்வேர்ட் செல்லாது, ஆப் பாஸ்வேர்ட் வேண்டும். இதில் எது அறுந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது அமைதிதான். நல்லபடியாக ஓடும் நாளிலும் அதே அமைதிதான்.

எல்லாவற்றையும்விட, இன்டர்நெட் லைன் செத்துவிட்டது என்ற செய்தி எந்த வழியாக வெளியே போகும்? அதே லைன் வழியாகத்தானே! டெலிகிராமும் அப்படித்தான். சிம் போட்ட மோடம் ஒன்றை வைத்து எஸ்எம்எஸ் அனுப்பச் செய்யுங்கள், சிம் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வர் வெளியே இருக்கும் ஒரு சேவையிடம் 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லட்டும். அது நின்றால் அந்தச் சேவை உங்களை எழுப்பட்டும்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. ராவுட்டர் இரண்டு நிமிடம் விழுந்தால் அதன் பின்னால் இருக்கும் ஒவ்வொரு கேமராவும் தனித்தனியாகக் கத்தும். இரண்டு ராத்திரி பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் ராத்திரி எல்லோரும் குரூப்பை மியூட் செய்துவிடுவார்கள். ராவுட்டர் விழுந்தால் பின்னால் இருப்பவை கத்தாமல் இருக்க ஓர் அமைப்பு உண்டு. ஸாபிக்ஸில் டிபென்டன்சி, அதே வகை மென்பொருளான நாகியோஸில் பேரன்ட்ஸ்: அரை நாள் வேலைதான், தயவுசெய்து செய்யுங்கள். ஒரு பிங் ('இருக்கிறாயா?' என்று கருவியைக் கேட்கும் சோதனை) தவறியதும் கத்த விடாதீர்கள், தொடர்ந்து மூன்று தவறட்டும். பிரிண்டர் மை தீர்ந்த சேதி விடிந்தபின் வரட்டும். பிஆர்டிஜி என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருள் அலர்ட் அனுப்புமுன் தானாகவே 600 வினாடி காத்திருக்கும். கேமராவுக்கு அது போதும், எடை மேடைக்குக் குறைத்து வையுங்கள்.

டெஸ்ட் பொத்தானை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். மின்னஞ்சல் போகிறதா என்பதை மட்டுமே அது காட்டும், உங்கள் விதியைத் தொடாது. இந்த வெள்ளிக்கிழமை ஆலை நின்றபின் எடை மேடை ஸ்விட்சின் கேபிளை நீங்களே பிடுங்குங்கள். யாருடைய போன் அடிக்கிறது, எத்தனை நிமிடத்தில் அடிக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். திரும்பச் செருகியதும் 'சரியாகிவிட்டது' என்ற செய்தியும் வர வேண்டும். அது வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.