ஆபீஸைக் கலைத்துவிட்டார்கள், உங்கள் மனு எங்கே?

“அந்த ஆபீஸே இப்ப இல்லைங்க. புதுசா ஒரு மனு எழுதிக் குடுத்துடுங்க.”

இப்படி யாராவது சொன்னால் உடனே வெள்ளைத்தாள் வாங்க ஓடாதீர்கள். சொன்னவர் நல்ல மனதோடுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் புது மனுவில் நீங்கள் கையெழுத்துப் போட்ட நிமிடமே பழைய மனுவின் தேதி செத்துப்போகிறது. மூன்று வருடத்துக்கு முன் கேட்டவர் நீங்கள். காகிதத்தில் இன்றைக்குத்தான் கேட்டவர் ஆகிவிடுவீர்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்கு நடந்தது இது. கணவர் இறந்தபின் வரவேண்டிய ஒரு தொகைக்காக மனு கொடுத்திருந்தார். ஒப்புகைச் சீட்டைப் பாலித்தீன் கவரில் போட்டு, மஞ்சள் பையில் வைத்து, போகிற இடமெல்லாம் கொண்டுபோவார். இடையில் அந்த அலுவலகத்தைக் கலைத்து வேலையை வேறொரு துறையிடம் கொடுத்துவிட்டார்கள். பழைய கட்டடத்தில் வேறு போர்டு. புது இடத்தில் இருந்தவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த சீல் எங்களோடது இல்லையேம்மா” என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. புது மனு எழுதிக் கொடுத்தோம். பல மாதம் கழித்து வந்த பதில்: குறித்த காலத்துக்குள் விண்ணப்பிக்கவில்லை, நிராகரிக்கப்படுகிறது.

அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது இதுதான். சட்டத்தால் உருவான அமைப்பைக் கலைக்க இன்னொரு சட்டம் வேண்டும். (திட்டக்குழு மாதிரி 1950-இல் அமைச்சரவைத் தீர்மானத்தால் பிறந்ததை 2015-இல் தீர்மானத்தாலேயே முடித்து நிதி ஆயோக்கைக் கொண்டுவந்தார்கள். அந்த வகை நமக்கு அதிகம் தொல்லை தருவதில்லை.) பழைய சட்டத்தை நீக்கும்போது அதன்கீழ் ஏற்கனவே உங்களுக்குக் கிடைத்துவிட்ட உரிமையும், நிலுவையில் இருக்கும் நடவடிக்கையும் தானாக அழிந்துவிடாது என்கிறது 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், பிரிவு 6. மாநிலச் சட்டம் என்றால் இதே வேலைக்குத் தமிழ்நாட்டில் 1891-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒரே ஒரு ‘ஆனால்’ உண்டு: புதுச் சட்டம் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அதுதான் செல்லும். அதனால் புதுச் சட்டத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். பழையதில் எது நீங்குகிறது, எது காப்பாற்றப்படுகிறது என்று சொல்லும் பிரிவு, வக்கீல்கள் ‘ரிப்பீல் அண்ட் சேவிங்ஸ்’ என்பார்களே, அங்கேதான் இருக்கும். முன்னால் உள்ள நாற்பது பக்கத்தைவிட உங்களுக்கு அந்த அரைப் பக்கம் முக்கியம்.

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது தேதியில். சட்டம் நிறைவேறிய நாள் ஒன்று, அரசிதழில் வந்த நாள் ஒன்று, நடைமுறைக்கு வரும் என்று குறித்த நாள் ஒன்று. அதிகாரம் கைமாறுவது மூன்றாவது நாளில்தான். அதுவரை பழைய அலுவலகம்தான் உங்கள் மனுவை வாங்க வேண்டும். “மூடப் போறாங்க சார்” என்பது மனுவை மறுக்கக் காரணம் ஆகாது. அந்த நாளுக்குப் பிறகு பழைய அதிகாரியின் கையெழுத்து காகிதத்துக்கு உதவாது. “முன்தேதி போட்டுத் தந்துடறேன்” என்று யாராவது உதவ வந்தால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பின்னால் மாட்டிக்கொண்டு முழிக்கப்போவது நீங்கள்.

அடுத்தது கோப்பு. நாற்காலி, மின்விசிறி, ஜீப் எல்லாம் கணக்கெழுதி உடனே கைமாறிவிடும். கோப்புகள் மட்டும் மூட்டையாகக் கட்டி ஏதோ ஒரு வராந்தாவில் கிடக்கும். புது அலுவலகம் “இன்னும் வரலை” என்னும், பழைய ஆட்கள் “அனுப்பிட்டோம்” என்பார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். இந்த ஆட்டத்தில் நடையாய் நடக்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். தமிழ்நாட்டு அலுவலகம் என்றால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும். எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று குழம்பவும் வேண்டாம். தகவல் வேறிடத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்பி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 6(3). “எங்களைச் சார்ந்தது அல்ல” என்று மனுவைத் திருப்பி அனுப்புவது தவறு. பதில் தர 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் ஒன்றும் வராது, அந்தச் சட்டம் காரணம் சொல்ல வைக்காது. ஆவணத்தைக் கேளுங்கள். என் ந.க.எண் (மனுவுக்கு அலுவலகம் போட்ட கோப்பு எண்) இது, இந்தக் கோப்பு எந்தத் தேதியில், ஒப்படைப்புப் பட்டியலில் எந்த வரிசை எண்ணில் மாற்றப்பட்டது, பெற்றுக்கொண்டவர் பதவி என்ன, இப்போது கையாள்பவர் பதவி என்ன, அந்தப் பட்டியலின் நகல் வேண்டும். கோப்பே காணவில்லை என்றால் எழுத்தர் தனக்கு வரும் தாள்களைப் பதியும் தன்பதிவேட்டில் உங்கள் மனு ஏறிய பக்கத்தின் நகலைக் கேளுங்கள். கோப்பு தொலையும், பதிவேடு அவ்வளவு எளிதில் தொலையாது.

இதற்குள் இன்னொரு கண்ணி இருக்கிறது, அதுதான் பலரைக் கவிழ்ப்பது. மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தால் வழக்குப் போடும் காலவரம்பு அப்படியே நிற்கும் என்று நம்புகிறார்கள். நிற்காது. உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டது. பழைய கோரிக்கைக்கு அதிகாரி இன்று பதில் போட்டாலும் காலாவதியான உரிமைக்கு உயிர் வராது. காலவரம்புச் சட்டத்தின் பிரிவு 14 காப்பாற்றுவது, நல்லெண்ணத்தில் தவறான நீதிமன்றத்தில் முனைப்பாக வழக்கு நடத்தியவரை. இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே பஸ்ஸில் போய்வந்தவரை அல்ல. ஆகவே இரண்டாவது முறை அலைக்கழிக்கும்போதே, வழக்குப் போடக் கடைசி நாள் எது என்று ஒரு வக்கீலிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வழக்கே நிலுவையில் இருந்தவர்கள் பாடு தனி. காப்புரிமை, வணிகமுத்திரை வழக்குகளைப் பார்த்துவந்த, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தை 2021 ஏப்ரலில் அவசரச் சட்டம் போட்டுக் கலைத்தார்கள். திரைப்படத் தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதோடு போனது. நிலுவை வழக்குகள் நீதிமன்றத்துக்கு மாறும் என்றார்கள், சரி. விட்ட இடத்திலிருந்தோ, அதற்கு முந்தைய கட்டத்திலிருந்தோ, முதலிலிருந்தேயோ நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. உங்கள் வக்கீல் ‘ஆர்க்யூமெண்ட் முடிஞ்சது’ என்று சொல்லியிருந்த வழக்கு மறுபடி முதல் படிக்கு வரலாம் என்று அர்த்தம். பதவி இழந்த தலைவர், உறுப்பினர்களுக்கு 3 மாதச் சம்பளம் வரை இழப்பீடு கேட்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. காத்திருந்தவர்களுக்கு அப்படி ஒரு வரி இல்லை. வழக்கு மாறிய பின் புது எண் வரும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய், நீங்கள் வராததால் தள்ளுபடி ஆவது சாதாரணமாக நடக்கிறது.

பணம் கட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். மின்வாரியத்தைப் பாருங்கள்: 2010-இல் பிரித்தார்கள், 2024-இல் மறுபடி பிரித்தார்கள். ஜனங்களுக்கு இன்றும் அது ஈபி ஆபீஸ்தான். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி வாரியத்தின் கடனும் ஒப்பந்தமும் அடுத்து வந்த நிறுவனத்தின் தலையில் ஏறுகின்றன. நீங்கள் அன்று கட்டிய டெபாசிட்டும் அப்படித்தான். ரசீதில் பழைய பெயர் இருப்பது குற்றமில்லை. ஆனால் புதிதாக டிடி எடுக்கும்போது பழைய பெயரில் எடுத்துவிடாதீர்கள், கவுண்டரில் திருப்பிவிடுவார்கள்.

சரி, எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் இப்படித் தொடங்குங்கள்: ‘பார்வை: இந்தத் தேதியில், இந்த ந.க.எண்ணில் அளித்து நிலுவையில் உள்ள எனது மனு. இது புதிய விண்ணப்பம் அல்ல; மேற்படி மனுவின் தொடர்ச்சி.’ பழைய ஒப்புகையின் நகலை இணையுங்கள், அசலை எவர் கேட்டாலும் தராதீர்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்துவிடலாம், அங்கே எண் கிடைக்கும். இல்லையென்றால் தபாலில், சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். பதிவுத் தபால் என்று கேட்டு நிற்காதீர்கள். அதையும் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள்.