வருடம் போடாத ஷாம்பேனுக்கும் வயது உண்டு

பாரிஸ் உணவகம் ஒன்றில் ஒயின் தேர்ந்து பரிமாறுவது என் வேலை. சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பதி, திருமண நாளில் திறக்க வேண்டும் என்று வீட்டிலிருந்து லேபிளில் ஆண்டு போடாத ஒரு ப்ரூட் (இனிப்பு குறைந்த வகை) ஷாம்பேன் கொண்டுவந்தார்கள். பரிசாக வந்ததாம். ஏழு வருடமாக வரவேற்பறை அலமாரியில், விளக்கு வெளிச்சத்தில் நிறமில்லாத பாட்டிலில் நின்றிருந்தது.

கார்க் கையில் வந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல கார்க் வெளியே வந்ததும் அடிப்பக்கம் பாவாடை போல விரியும். இது மரக்குச்சி மாதிரி ஒடுங்கியே இருந்தது. கிளாஸில் ஊற்றினால் வெந்த முட்டைக்கோஸ் வாசம். வெளிச்சம் பட்டுக் கெட்ட ஒயினின் வாசம் அதுதான். அதன் அடியில், வெட்டிவைத்துப் பழுப்பேறிய ஆப்பிளின் வாடை.

லேபிளில் அறுவடை ஆண்டு இல்லாவிட்டால் எத்தனை காலம் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. வருடா வருடம் ஒரே சுவை வரவேண்டும் என்பதற்காகப் பல ஆண்டு ஒயின்களைக் கலந்து செய்வதால்தான் ஆண்டு போடுவதில்லை. ஷாம்பேன் வட்டாரத்தின் விதிப்படி இது பாட்டிலில் குறைந்தது 15 மாதம் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் பாட்டிலுக்குள் படியும் ஈஸ்ட் வண்டலோடு. கடைக்கு வரும்போதே குடிக்கத் தயார். குளிர்ந்த இருட்டில் இரண்டு மூன்று வருடம் தாராளமாகத் தாங்கும். சில தயாரிப்பாளர்கள் வண்டல் நீக்கிய தேதியைப் பின்லேபிளில் போடுகிறார்கள். பாட்டிலின் வயதை அதிலிருந்து எண்ணலாம் என்பதால், வாங்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான்.

இன்னொரு குழப்பம், லேபிளில் 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று போட்ட வகை. பெயரைப் பார்த்து இனிப்பே இருக்காது என்று எடுக்கிறார்கள். ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்குள்தான் சர்க்கரை, எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 வரை.

திறக்கும்போது கவனம் தேவை. உள்ளே அழுத்தம் சுமார் 6 வளிமண்டலம், கார் டயரை விட இரண்டு மடங்குக்கும் மேல். கார்க்கின் மேல் கட்டிய கம்பியைத் தளர்த்திய நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கை விட்டு அகலக் கூடாது. பாட்டிலைச் சாய்த்து, யார் முகத்துக்கும் நேராக இல்லாமல், கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். பெருமூச்சு போல மெல்லிய சத்தம் வந்தால் போதும்.

8 முதல் 10 டிகிரி குளிர்ச்சி, வாய் குறுகிய டியூலிப் கிளாஸ். குமிழிகளை எண்ணித் தரம் சொல்லாதீர்கள். கிளாஸில் ஒட்டியிருக்கும் துணி இழைகூடக் குமிழியைக் கூட்டும், சோப்புப் பிசுக்கு குறைத்துவிடும். நாக்கில் நுரை குத்துகிறதா, க்ரீம் போலப் படர்கிறதா என்று பாருங்கள். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், அப்புறம் ஈஸ்ட் தரும் சுட்ட ரொட்டி வாசம். விழுங்கியபின் புளிப்பு வாயைச் சுத்தமாக விட வேண்டும். சர்க்கரை மட்டும் தங்கினால் சமநிலை இல்லை என்று அர்த்தம்.

அன்று வேறொரு புது ப்ரூட் திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அந்த அம்மா இரண்டையும் மாறி மாறி முகர்ந்தார். "வீட்டில் இன்னும் இரண்டு பாட்டில் அதே அலமாரியில் இருக்கிறது" என்றார் மெதுவாக.

"இன்றைக்கே இறக்கி இருட்டில் வையுங்கள். இந்த வாரமே திறந்து பாருங்கள்" என்றேன்.