எத்தனை இன்ச் போடலாம்? காட்டுப்பாதை வண்டியின் டயர் கணக்கு

சிங்கப்பூரில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் காப்பிக் கடையில் உட்கார்ந்தால், எஞ்சின் பேச்சு ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் "அண்ணே, எத்தனை இன்ச் போட்டிருக்கீங்க?" என்று டயரில்தான் வந்து நிற்கும். இத்தனைக்கும் இந்தத் தீவின் மிக உயரமான இடமே 164 மீட்டர் புக்கிட் தீமா குன்றுதான். அதில் நடந்துதான் ஏற வேண்டும். இந்த டயர்களுக்கு உண்மையான வேலை கடற்பாலத்துக்கு அப்பால், மலேசியாவில் ஜோகூரின் செம்மண் பாதைகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும். ஆனால் வாரத்தின் மற்ற நாளெல்லாம் அதே டயர் விரைவுச்சாலையில் அலுவலகத்துக்கு ஓட வேண்டும். அளவு தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கலே இதுதான்.

சுசுகி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். கம்பெனியிலிருந்து வரும் டயரில் 195/80 ஆர் 15 என்று அச்சிட்டிருக்கும். 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம்; அதாவது 156 மி.மீ. 'ஆர்' என்றால் ரேடியல், டயரின் உள்கட்டுமான வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் சதவீதமும் இன்ச்சும்! யார் யோசித்தார்களோ தெரியவில்லை, ஆனால் உலகமே இதில்தான் ஓடுகிறது. ரிம் 381 மி.மீ., மேலும் கீழும் 156: மொத்த உயரம் 693 மி.மீ., சுமார் 27 இன்ச். பலரும் ஆசைப்படும் 235/75 ஆர் 15க்கு இதே கணக்கைப் போட்டால் 733.5 மி.மீ., ஏறத்தாழ 29 இன்ச்.

40 மி.மீ. கூடுதல். ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான், 20 மி.மீ. அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் மீதிப் பாதி மேல்பக்கம் போய்விடும். கேட்கச் சின்னதாக இருந்தாலும் இந்த 20 மி.மீ. விலைமதிப்பானது. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தூக்கினால் பாடிதான் உயரும். ஜிம்னி போன்ற கட்டி அச்சு வண்டியில், அதாவது இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒரே உறுதியான அச்சு இணைக்கும் வண்டியில், கல்லில் முதலில் இடிக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை (அச்சின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் புடைப்பு) இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயர் ஒன்றால்தான் முடியும்.

பெரிய சக்கரம் படிபோன்ற தடையில் சுலபமாக ஏறும் என்பதும் உண்மைதான், ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. 15 செ.மீ. உயர வேர் ஒன்றில் முட்டும்போது பழைய டயர் சுமார் 55 டிகிரி சரிவை ஏற வேண்டும் என்றால், புதிய டயருக்கு அது 54. அதற்கு வேண்டிய தள்ளுவிசை 6 சதவீதம்தான் குறைகிறது.

இந்த லாபத்துக்கு எஞ்சின் விலை கொடுக்கிறது. அச்சுக்கு வரும் முறுக்குவிசை அதேதான், ஆரம் 5.8 சதவீதம் கூடியதால் தரையைத் தள்ளும் விசை சுமார் 5.5 சதவீதம் குறைகிறது. பிரேக்குக்கும் இதே கதி. கம்பெனி டயர் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 459 சுற்று சுற்றும், புதியது 434 சுற்றிலேயே முடித்துவிடும். வேகமானிக்கு இது தெரியாது. அது 85 காட்டும்போது நீங்கள் 90இல் போய்க்கொண்டிருப்பீர்கள். புது வண்டிகளின் மானி பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி அமைக்கப்பட்டிருப்பதால் இதில் ஒரு பகுதி மறைந்துவிடும். அதை நம்பி கேமராவுக்கு அடியில் ஓட்டுவது உங்கள் பாடு. எடையும் சும்மா இருக்காது. சக்கரத்தின் விளிம்பில் கூடும் ஒரு கிலோவை நகர்த்துவதோடு சுழற்றவும் வேண்டும் என்பதால், வேகமெடுக்கும்போது அது வண்டிக்குள் வைத்த இரண்டு கிலோவுக்குச் சமம். 1.5 லிட்டர் எஞ்சின் இதை நன்றாகவே உணரும்.

சரி, அகலம்? இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள் என்பது என் கருத்து. அகல டயர் போட்டால் தரையைத் தொடும் பரப்பு கூடும் என்று நினைக்கிறோம். அந்தப் பரப்பை முடிவு செய்வது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்று. சுமார் 1,100 கிலோ வண்டியில் ஒரு சக்கரத்துக்கு 275 கிலோ. காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ என்றால் அந்தச் சுமையைத் தாங்க ஏறத்தாழ 150 சதுர செ.மீ. தேவை. டயர் 195ஆக இருந்தாலும் 235ஆக இருந்தாலும் அவ்வளவுதான். தடத்தின் வடிவம் மட்டும் மாறும். குறுகிய டயருக்கு நீளத் தடம், அகல டயருக்குக் குட்டைத் தடம். அழுத்தத்தை 15க்கு இறக்குங்கள்: தடம் 260ஐத் தொடும். காசு கொடுக்காமல் 70 சதவீதத்துக்கு மேல் கூடுதல் பரப்பு!

மென்மையான மண்ணில் நீளத் தடம்தான் பெரும்பாலும் ஜெயிக்கும். போலந்தில் பிறந்த பொறியியலாளர் மெச்சிஸ்வாஃப் பெக்கர் இதை ஆராய்ந்தவர். 1971இல் அப்போலோ 15 கொண்டுபோன நிலா வண்டியின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. புதையும் சக்கரம் தன் முன்னால் உள்ள மண்ணை ஓயாமல் நசுக்கிப் பள்ளம் வெட்டிக்கொண்டே போகிறது. பள்ளம் எவ்வளவு அகலமோ அவ்வளவு சக்தி வீண். ஒரே பரப்பை நீளவாக்கில் வைத்தால் வெட்ட வேண்டிய பள்ளம் குறுகும்.

ஆனாலும் மண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மழை பெய்த ஜோகூர் செம்மண் பாதையில் மேலே விரலளவு வழவழப்பு, அடியில் கெட்டித் தரை. அங்கே குறுகிய டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே பிடிக்கும். அகல டயர் மேலேயே வழுக்கும். பழைய 109 இன்ச் லேண்ட் ரோவர் 7.50-16 என்ற ஒல்லி டயரில் காடுமேடெல்லாம் சுற்றியதற்கு இது ஒரு காரணம். பொந்தியான் பக்கத்துக் கரிச்சதுப்பு நிலத்தில் கதை தலைகீழ். கீழே பிடிக்கக் கெட்டித் தரையே கிடையாது, மேலே மிதந்தால்தான் தப்பலாம். அங்கே அகலம் வேண்டும், காற்றையும் நன்றாக இறக்க வேண்டும்.

காற்றை இறக்குவதற்கும் வரம்பு உண்டு. மிகவும் குறைத்தால் திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்ச்சாலையில் அப்படியே வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். ஆகவே வண்டியில் ஒரு சின்னக் கம்ப்ரசர் இருந்தே ஆக வேண்டும். அடுத்து, லாரிக்குச் செய்ததுபோல் தடித்த, பாரம் சுமக்கும் வகை டயரை ஜிம்னிக்குப் போடுவது வீண். இந்த எடைக்கு அது மடங்கவே மடங்காது, காற்றை இறக்கியும் தடம் நீளாது. பக்கச்சுவரில் உள்ள பாரக் குறியீடு 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். சாமான், ஆட்கள், கடற்பாலம் தாண்டச் சட்டப்படி இருக்க வேண்டிய முக்கால் டேங்க் பெட்ரோல் எல்லாம் சேர்த்தாலும் ஜிம்னிக்கு அதுவே தாராளம்.

கடைசியில் அளவைத் தீர்மானிப்பது மட்கார்டுக்குள் இருக்கும் இடம். நல்ல மெக்கானிக் வண்டி நேராக நிற்கும்போது பார்த்துவிட்டு "ஓகே" சொல்ல மாட்டார். முன்சக்கரம் ஒன்றை மேடையில் ஏற்றி, ஸ்பிரிங் முழுக்க அமுங்கியதும் ஸ்டியரிங்கை ஒரு கோடிவரை ஒடிப்பார். டயரின் தோளில் சாக்பீஸ் தடவி இரண்டு பக்கமும் திருப்பினால், எங்கே உரசுகிறதோ அங்கே வெள்ளைக் கோடு விழும். பெரும்பாலும் மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கின் பின்மூலையில், சில வேளை அச்சைப் பிடித்திருக்கும் கம்பியில். வெளியே தள்ளிய ரிம் போட்டால் கம்பி தப்பும், ஆனால் திரும்பும்போது டயர் பெரிய வட்டம் போட்டு மட்கார்டில் இடிக்கும். டயர் பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வாகனச் சோதனையிலும் பிரச்சினை.

ஜிம்னியில் 215/75 பொதுவாகத் தொல்லையில்லாமல் உட்காரும், உயரம் 703.5 மி.மீ.; மாதம் ஒருமுறை ஜோகூர் போகிறவருக்கு அதுவே போதும் என்பேன். 235க்குப் போகிறவர் ஸ்பிரிங் செலவையும் சேர்த்தே எண்ணிக்கொள்ள வேண்டும். எதை வாங்கினாலும் ஐந்தாக வாங்குங்கள். பழைய அளவு ஸ்பேரை ஒரு பக்கம் மாட்டி நான்கு சக்கர இயக்கத்தில் கெட்டித் தரையில் ஓட்டினால், முன்னச்சும் பின்னச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்த்து இடையில் உள்ள கியர்பெட்டியை முறுக்கும். பின்கதவில் தொங்கும் அந்த ஐந்தாவது டயரின் கூடுதல் எடையைக் கதவுக் கீல்தான் தாங்க வேண்டும், அதையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.