பீக்கர் என்றால் முகவை அல்ல

ஆங்கிலத்தில் வெவ்வேறாக ஒலிக்கும் இரண்டு சொற்கள் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. வேதியியல் ஆய்வகத்தில் அமிலம் ஊற்றும் கண்ணாடிக் கலமும் பீக்கர். கோடை மாலையில் ஊர் முழுக்க ஏசி ஓடும்போது மட்டும் முடுக்கிவிடப்படும் மின்நிலையமும் பீக்கர். முதலாவதற்குப் பாடநூல் ‘முகவை’ என்று நல்ல பெயர் வைத்துவிட்டது. முகந்து எடுப்பது முகவை. இரண்டாவது பெயரில்லாமல் நிற்கிறது. ‘நியூயார்க்கில் பீக்கர்களை மூடக் கோரிக்கை’ என்று தலைப்புப் போட்டால், வாசகருக்குப் பள்ளி ஆய்வகம் நினைவுக்கு வருவதில் அவர் குற்றம் எதுவுமில்லை.

பொருளை முதலில் பார்ப்போம். கல்யாண வீட்டில் சமையற்காரர்கள் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் இருப்பார்கள். பந்தி போட்டதும் பரிமாறுவதற்கென்றே சிலர் வருவார்கள். இலை எடுத்ததும் போய்விடுவார்கள். ஊர்களையெல்லாம் இணைக்கும் மின்தொகுப்பிலும் (கிரிட்) இப்படித்தான். பெரிய அனல், அணு, புனல் மின்நிலையங்களில் பல நாள் முழுக்க ஓடுபவை. பந்தி நேரத்துக்கு மட்டும் வருவது பீக்கர். பல பீக்கர்கள் ஆண்டில் சில நூறு மணி நேரம்தான் ஓடுகின்றன. மற்ற நாளெல்லாம் சும்மா இருப்பதற்கும் அவற்றுக்குப் பணம் தரப்படுகிறது. தேவைப்படும்போது இருக்க வேண்டுமே என்பதற்கான கூலி அது.

ஆங்கிலத்தில் ‘பீக்’ என்றால் கூர்முனை, மலையுச்சி. ஒரு நாளின் மின்தேவையைக் கோடாக வரைந்தால் மேடும் பள்ளமுமாக மலைத்தொடர் போல வரும். அதன் கொடுமுடியைச் சமாளிப்பது பீக்கர் ஆயிற்று.

இதைத் தமிழில் ‘காப்பு மின்நிலையம்’ என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காப்பு என்பது கெடுதல் வராமல் தடுப்பது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறோம், நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் வைக்கிறோம். மருத்துவமனையின் டீசல் ஜெனரேட்டரைக் காப்பு எனலாம். மின்சாரம் போனால்தான் அது ஓடும். பீக்கரோ எதுவும் பழுதாகாத நாளிலும் ஓடும். தேவை ஏறினால் போதும்.

ஆனால் வரலாறு காப்பின் பக்கம் கொஞ்சம் சாய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல பீக்கர்களின் உள்ளே இருப்பது வாயுச் சுழலி (கேஸ் டர்பைன்), எரிபொருள் எரிந்த சூடான வாயுவின் வேகத்தில் சுழல்வது. மின்சாரத்துக்கென அமைந்த முதல் வாயுச் சுழலி 1939இல் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரில் நிறுவப்பட்டது. 4 மெகாவாட், எரிபொருளின் வெப்பத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாயிற்று. அவசரத்துக்கென்றே வைக்கப்பட்டது அது. அடுத்து 1965 நவம்பர் 9 அன்று அமெரிக்காவின் வடகிழக்கும் கனடாவின் ஒண்டாரியோவும் இருளில் மூழ்கின. மூன்று கோடிப் பேர் இருட்டில் இருந்தார்கள். பெரிய நீராவி மின்நிலையங்களை மறுபடி உயிர்ப்பிக்கவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டியிருந்தது என்பது அன்றுதான் பலருக்கும் உறைத்தது. அதன் பிறகு மின் நிறுவனங்கள், தாமாகவே முடுக்கிக்கொள்ளக்கூடிய வாயுச் சுழலிகளை வாங்கிக் குவித்தன. வாங்கியதைச் சும்மா வைப்பானேன் என்று உச்ச நேரத்திலும் ஓட்டினார்கள். காப்பாகப் பிறந்தது பீக்கராக வளர்ந்தது.

‘சுழலி’ பற்றி ஒரு சொல். டர்பைன் என்பதன் மூலமான லத்தீன் சொல்லுக்குப் பம்பரம் என்றும் ஒரு பொருள் உண்டு. சுழலி என்று தமிழில் பெயரிட்டவர் இதை அறிந்திருந்தாரோ இல்லையோ, சரியாகவே பெயரிட்டிருக்கிறார்.

இந்தச் சுழலி விமான எஞ்சினின் உறவு. எல்எம்6000 என்ற புகழ்பெற்ற வகை, பெரிய பயணிகள் விமானங்களின் எஞ்சினிலிருந்தே உருவானது. அதனால்தான் சில நிமிடங்களில் முழு வேகம் பிடிக்கிறது. அழுக்குக்குக் காரணமும் அங்கேயே இருக்கிறது. சுழலியைவிட்டு வெளியேறும் சூட்டை மறுபடி பயன்படுத்தும் கூட்டுச் சுழற்சி நிலையங்களைவிட, அந்தச் சூட்டை அப்படியே வானில் விடும் இவை ஒரு யூனிட்டுக்குக் கூடுதல் எரிபொருள் எரிக்கின்றன. பழையவற்றில் புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகளும் குறைவு. ஓடுவதோ பெரும்பாலும் கடும் வெயில் நாளில். நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனாகும். மூச்சு ஏற்கெனவே முட்டும் நாளில்தான் இதுவும் வந்து சேர்கிறது.

அது யாருடைய மூச்சு என்பதற்கு நியூயார்க் எடுத்துக்காட்டு. 2001 கோடையில் மின்வெட்டு வரும் என்று அஞ்சி, மாநில மின் ஆணையம் நகரிலும் லாங் ஐலண்டிலுமாக ஏழு இடங்களில் 11 சிறு சுழலிகளை அவசரமாக நிறுவியது. 80 மெகாவாட்டைத் தொட்டால் விரிவான அனுமதி ஆய்வு தேவைப்படும். அதனால் இரட்டைச் சுழலி கொண்ட இடங்கள் 79.9 மெகாவாட்டில் நிறுத்தப்பட்டன. அந்தப் புள்ளி ஒன்பதைக் கணக்குப் போட்டவர் கெட்டிக்காரர்தான். தற்காலிகம் என்றார்கள். இருபது ஆண்டுகள் கடந்தும் அவை நின்றன. சில, ‘ஆஸ்துமா சந்து’ என்று மக்களே பெயரிட்ட தெற்கு பிராங்க்ஸில் இருக்கின்றன. 2023இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம், மின்தொகுப்பின் நம்பகத்தன்மை இடம் கொடுத்தால் 2030 முடிவுக்குள் இவற்றை நிறுத்தச் சொல்கிறது.

இனி தமிழ்ப் பெயர். ‘உச்சச்சுமை மின்நிலையம்’ என்பது பொறியியல் வாடை. பொருள் பிழையில்லை, ஆனால் எடையை மட்டும் சொல்கிறது. இந்தச் சிக்கலின் உயிர்நாடி எடையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. எவ்வளவு மின்சாரம் என்பதைவிட எந்த நேரத்து மின்சாரம் என்பதே கேள்வி.

அதனால் ‘உச்சவேளை’ என்று வைக்க ஆசைப்பட்டேன். வைத்துப் பார்த்தால் ஒரு குழி. தமிழில் உச்சிவேளை என்றால் நண்பகல். சூரியன் தலையின் உச்சிக்கு நேரே நிற்கும் பொழுது. ஒரே ஓர் இகரம் பொருளைப் புரட்டிவிடுகிறது. சூரிய மின்சாரம் பெருகிய இடங்களில் இந்த முரண் இன்னும் சுவையானது: உச்சிவேளையில் மின்சாரம் மிஞ்சுகிறது, உச்சவேளையில் தட்டுப்பாடாகிறது. கலிபோர்னிய மின்தொகுப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட, சூரிய, காற்று மின்சாரம் போக மீதித் தேவையை வரைந்த ‘வாத்து வளைகோடு’ காட்டியது இதைத்தான். நண்பகலில் வாத்தின் தொங்கும் வயிறு, அந்தியில் நிமிரும் கழுத்து. வயிற்றிலிருப்பதைக் கழுத்துக்கு ஏற்றினால் பீக்கருக்கு வேலை குறையும்.

ஏற்ற முடியும் என்பதையும் அதே மாநிலம் காட்டியிருக்கிறது. ஆக்ஸ்னார்டு கடற்கரையில் 262 மெகாவாட்டில் புவென்டே என்ற புதிய எரிவாயு பீக்கர் வரவிருந்தது. ஏற்கெனவே மின்நிலையங்களைச் சுமந்த, லத்தீனோ உழைப்பாளர்கள் மிகுந்த ஊர் அது. மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. 2021இல் அதே வென்சுரா மாவட்டத்தின் சாட்டிகாயில் 100 மெகாவாட்டை நான்கு மணி நேரம் தரும் மின்கலத் தொகுதி வந்தது. 2024 ஏப்ரல் 16 மாலையில், மாநில மின்தொகுப்பில் மின்கலங்கள் 6,000 மெகாவாட்டுக்கு மேல் கொடுத்து, சற்று நேரத்துக்கு மற்ற எல்லா மின் மூலங்களையும் முந்தின.

மின்கலம் புதிது, வேலை பழையது. வால்பாறை மலையில் 1987 முதல் இயங்கிவரும் 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் இதையே தண்ணீரைக் கொண்டு செய்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாற்று நீரை மேலே ஏற்றுவது, உச்ச நேரத்தில் இறக்குவது. சென்னை பேசின் பாலத்தில் 1996இல் 120 மெகாவாட் வாயுச் சுழலி நிலையம் வந்தது. ஒரே மாநிலத்தில் தண்ணீர் பீக்கரும் எரிபொருள் பீக்கரும்.

மாற்றுவது சுலபம் என்று சொல்ல வரவில்லை. நான்கு மணி நேர மின்கலம் நான்கு நாள் வெப்ப அலைக்குப் போதாது. நியூயார்க்கின் புரூக்ளின் கரையில் படகுகளின் மேல் மிதக்கும் 1970களின் கோவானஸ், நாரோஸ் பீக்கர்களை 2025இல் நிறுத்த வேண்டியது. அங்குள்ள மின்தொகுப்பு நிர்வாகமோ 2023 நவம்பரில், மேலும் ஈராண்டு வரை அவை வேண்டும் என்றது. மின்கலமும் சாது அல்ல: 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில், பழைய சுழலிக் கூடத்தில் வைத்திருந்த மின்கலங்கள் தீப்பற்றி, அக்கம்பக்கத்தார் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர்.

ஆகவே என் பரிந்துரை, ‘உச்சநேர மின்நிலையம்’. உச்சநேரக் கட்டணம் என்று ஆலைக்காரர்களுக்கு ஏற்கெனவே பழகிய சொல்லிலிருந்து எடுத்தது. புதிதாக எதையும் யாருக்கும் விளக்க வேண்டாம். மின்கலத்துக்கு ‘உச்சநேர மின்சேமிப்பு’ எனலாம். அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, வைத்திருந்து கொடுக்கிறது. அச்சுக் கோக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். ‘உச்சிநேர மின்நிலையம்’ என்று இகரம் நுழைந்துவிட்டால், மின்சாரம் மிஞ்சிக் கிடக்கும் நண்பகலுக்கென்று ஒரு மின்நிலையம் கட்டியதாகிவிடும்.