கையும் சேர்ந்து படிக்கட்டும்

கிளிநொச்சியில் ஜேர்மன் அடிப்படை வகுப்பு எடுக்கிறேன். வருபவர்களில் பலர் ஜேர்மனியில் இருக்கும் கணவரிடம் போகக் காத்திருக்கும் பெண்கள். வாழ்க்கைத்துணை விசாவுக்கு ஏ1 என்ற தொடக்கநிலை மொழித்தகைமை வேண்டும் என்ற விதி 2007இல் வந்தது. புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் என்று தூரத்திலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வருவார்கள். கொப்பி நிறையச் சொற்களை எழுதிப் பாடமாக்குவார்கள். அடுத்த கிழமை கேட்டால் பாதி பறந்திருக்கும்.

சொல்லை வாய் சொல்லும்போதே கையும் அதைச் செய்யட்டும் என்பேன். 'ட்ஸீயென்' என்றால் இழுப்பது. கிணற்றுக் கயிற்றை இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்தபடியே சொல்ல வேண்டும். 'ட்ரூக்கன்' என்றால் தள்ளுவது. உள்ளங்கையை முன்னே நீட்டித் தள்ள வேண்டும். அங்கே கடைக் கதவுகளில் இந்த இரண்டும்தான் எழுதியிருக்கும். மாறி விளங்கினால் கதவோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

மனுவேலா மசெடோனியாவும் சக ஆய்வாளர்களும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வுக்கென்றே உருவாக்கிய சொற்களைக் கற்பித்துப் பார்த்ததில், பொருளுக்குப் பொருந்திய சைகையோடு படித்தவை, அர்த்தமில்லாத கையசைவோடு படித்தவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன. ஆகவே சும்மா கையை ஆட்டினால் போதாது. 2015இல் வந்த இன்னோர் ஆய்வில், தாமே சைகை செய்து படித்ததன் பலன் 6 மாதம் கழித்தும் தெரிந்தது. அப்படிப் படித்த சொல்லை நினைவுகூரும்போது மூளையில் உடல் அசைவுக்கான பகுதியும் உதவுகிறது.

ரீச்சர் மட்டும் முன்னால் நின்று ஆடினால் வகுப்பு சிரிக்கும், அவ்வளவுதான். படிப்பவரே செய்ய வேண்டும். இங்கேதான் வெட்கம் குறுக்கே நிற்கிறது.

"ரீச்சர், வீட்டில செய்தா மாமி எனக்கு விசர் எண்டு நினைப்பா" என்றார் ஒருவர்.

"மாமியையும் பக்கத்தில இருத்திச் செய்யுங்கோ பிள்ளை" என்றேன்.

கையால் காட்ட முடியாத சொற்களுக்கு என்ன செய்வது? அவற்றுக்கும் ஏதாவது அமையும். 'ஃபீலைஷ்ட்', அதாவது 'ஒருவேளை', என்பதற்கு உள்ளங்கையை இரு பக்கமும் சாய்த்துக் காட்டலாம். சைகையை நீங்களே யோசித்து எடுங்கள். ஆனால் ஒன்றைப் பிடித்தால் அதையே வைத்திருங்கள்; நாளுக்கொன்றாக மாற்ற வேண்டாம்.

அப்புறம், 'யா' என்று சொல்லிக்கொண்டு நம் வழக்கப்படி தலையை இருபுறமும் ஆட்டாதீர்கள். ஜேர்மன்காரர் அதை 'இல்லை' என்று எடுத்துவிடக்கூடும். மேலும் கீழும் ஆட்டிப் பழகுங்கள்.