செம்பில் பெயர் பதித்த கத்தி எதனால் உடைகிறது?

தேயிலைச் செடிகளை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்துக் காலத்தில் ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். கடதாசியில் சுற்றியிருந்த இரண்டு துண்டுகளைப் பட்டடைமேல் வைத்தார். "ஒரு வெட்டுதான் அண்ணே வெட்டினேன், முனை பறந்துருச்சு" என்றார். அடுத்த நிரையில் நின்றவரின் காலுக்கு ஒரு சாண் தள்ளித்தான் அது விழுந்திருக்கிறது. அந்தக் கத்தி நான் அடித்தது. அதில் அவருடைய அப்பாவின் பெயரைச் செம்பில் பதித்ததும் நான்தான். கடைசி எழுத்து இருந்த இடத்திலேயே முறிந்திருந்தது.

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் வெட்டிய பள்ளம் ஒரு மில்லிமீற்றர் ஆழம்கூட இல்லை. ஆனால் அதன் அடியிலிருந்து உருக்குக்குள்ளே மயிரளவு செந்நிறக் கோடு ஓடியிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததுமே என் பிழை எனக்கு விளங்கிவிட்டது.

2023இல் மலையகத் தமிழர் இந்த இலங்கை மண்ணுக்கு வந்து 200 ஆண்டு நினைவுகூரப்பட்டதிலிருந்து, பெயரோ ஆண்டோ செம்பில் பதித்துத் தரச் சொல்லி என்னிடம் வருவோர் கூடிவிட்டார்கள். ஓய்வுபெறுகிற அப்பாவுக்கு, முனியாண்டி கோயில் அருவாளுக்கு, வெளிநாட்டிலிருந்து வரும் உறவுக்கு என்று கேட்கிறார்கள். இளம் கைகள் பலவும் இதைப் பழகத் தொடங்கியிருக்கின்றன. மகிழ்ச்சிதான். கண்டி இராச்சியக் காலத்துப் 'பிஹா கெத்த' கத்திகளில் வெள்ளியும் பித்தளையும் பதித்த மலைநாடு இது. ஆனால் சுவரில் மாட்டும் கத்தி வேறு, மலையில் வேலை செய்யும் கத்தி வேறு. இதை எழுதுவது அதற்காகத்தான்.

செம்பு 1085 பாகை செல்சியசில் உருகும். லொறி வில்லுத்தகட்டை அடிக்கும்போது உருக்கு மஞ்சளாக ஒளிரும்வரை சூடேற்றுகிறோம். சிரட்டைக்கரி உலையில், மின்விசிறி ஊதும்போது, அந்தச் சூடு 1085ஐத் தாண்டுவதற்குச் சில நொடிகள் போதும். உருகிய செம்பு பள்ளத்திலேயே தேங்கி நிற்காது. உருக்கு சின்னச் சின்ன மணிகள் நெருங்கி அமைந்த உலோகம். அந்த மணிகளின் இடுக்கு வழியாகச் செம்பு உள்ளே இறங்கும். அந்த நேரம் சுத்தியலால் அடித்தாலோ வளைத்தாலோ மணிகள் விலகிக்கொள்ளும். வெடிப்பு உடனே கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். அரம் போட்டு மினுக்கிய பிறகு கத்தி புதுசுபோல் இருக்கும்.

நான் செய்த பிழை இதுதான். பெயரைப் பதித்து முடித்த பிறகு அலகு கொஞ்சம் கோணலாக இருப்பதைக் கண்டு, நிமிர்த்துவதற்காகத் திரும்ப உலையில் வைத்தேன். மின்விசிறிப் பக்கம் கவனம் இல்லை. எடுத்தபோது முனைப் பக்கம் மஞ்சளாகிவிட்டிருந்தது. செம்பு கொஞ்சம் வழிந்திருந்தது. அதை அரத்தால் சரிசெய்து, பதம் வைத்து, அதாவது சூடாக்கி எண்ணெயில் தோய்த்து இறுக்கி, கொடுத்தேன். கொடுத்திருக்கவே கூடாது.

ஆகவே செம்பு பதிப்பது கடைசி வேலை. அடித்தல், அரம், பதம், மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதம் இறக்குதல் எல்லாம் முடிந்து கத்தி ஆறிய பிறகே செம்பு அதைத் தொடவேண்டும். அதன் பிறகு அந்தக் கத்தி உலையைப் பார்க்கவே கூடாது. பதம் வைக்கும் சூடு 800 பாகை அளவுதான், கோவைப்பழச் சிவப்பு. செம்பு அதில் உருகாது என்று சிலர் சொல்வார்கள். உருகாதுதான். ஆனால் சூட்டில் செம்பு உருக்கைவிடக் கூடுதலாக விரிந்து, ஆறும்போது கூடுதலாகச் சுருங்கும். பள்ளத்தில் அதன் பிடி தளர்ந்துவிடும். கவனம் பிசகினால் 800க்கும் 1085க்கும் இடையில் தூரமும் அதிகமில்லை.

பதம் வைத்த உருக்கில் உளி இறங்காதே என்றால், பள்ளத்தை மட்டும் முன்கூட்டி வெட்டிக்கொள்ளலாம். எங்கே வெட்டுகிறோம் என்பதுதான் பெரிய விசயம். எந்தப் பள்ளமும் வெடிப்புக்கு வழிகாட்டி. வெட்டும் வாய்ப் பக்கம் வேண்டாம். கத்தி வளையும் கழுத்தில் வேண்டாம். பிடிக்குள் நுழையும் முனையில் அறவே வேண்டாம். முதுகை ஒட்டிய தடித்த பகுதியில் வெட்டுங்கள். பதம் வைக்கும்போது வாயை மட்டும் எண்ணெயில் தோய்த்து முதுகை மென்மையாகவே விடுங்கள். பள்ளத்தின் அடி மூலைகள் கூராக நிற்காமல் சற்று உருண்டிருக்கட்டும்.

செம்பு உருக்கோடு ஒட்டுவதில்லை, பிடிபட்டுத்தான் நிற்கிறது. அதனால் பள்ளத்தின் வாய் குறுகி, அடி அகன்றிருக்க வேண்டும். மேலே ஒரு மில்லிமீற்றர் அகலம் என்றால் உளியைச் சாய்த்து இரு பக்கச் சுவரையும் உள்நோக்கிக் குடைய வேண்டும். கடையில் வாங்கும் 1/1.13 ஒற்றைக் கம்பி மின்சார வயர் இதற்கு அளவானது. அதன் பிளாஸ்ரிக் உறையைப் பிளேட்டால் சீவி எடுங்கள், எரித்து எடுக்காதீர்கள். அந்தப் புகை நெஞ்சைப் பிடிக்கும், நஞ்சும் கூட. உரித்த கம்பியை மங்கல் சிவப்பாகச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் நூல்போல் வளையும். உருக்கு தண்ணீரில் இறுகும், செம்புக்கு அப்படி இல்லை. ஒரு முனையிலிருந்து சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், செம்பு பரவிக் குடைவுக்குள் அடைந்துவிடும். எழுத்து மேலே கொஞ்சம் துருத்தி நிற்கட்டும், பிறகு அரம் போடுங்கள்.

மயில்துத்த (செப்பு சல்பேற்று) கரைசலில் தோய்த்துச் சிவப்பாக்கிய கத்தியைச் செம்பு பதித்தது என்று விற்பவர்களும் உண்டு. அது மேற்பூச்சு மட்டுமே. ஈரத்துணியால் நாலு தேய் தேய்த்தாலே தெரிந்துவிடும்.

நல்ல கறுப்புக்கு நம் கையிலேயே மருந்து இருக்கிறது. டஸ்ட் தேயிலைத் தூளில் கெட்டியாகச் சாயம் இறக்கி, ஆறவைத்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாத கத்தியை ஒரு இரவு அதில் ஊறவிடுங்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து மைபோல் கறுக்கும். செம்பை மெல்லத் துடைத்தால் எழுத்து தனித்துத் தெரியும். மழைநாளில் செம்பை ஒட்டிய உருக்கு வேகமாகத் துருப்பிடிக்கும் என்பதால், வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசி வையுங்கள்.

செம்பு பதித்த கத்தி ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். எழுத்தைச் சுற்றி மண்ணெண்ணெயைத் தடவிக் கால்மணி நேரம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தேய்த்து விடுங்கள். எழுத்தின் விளிம்பில் கொஞ்சம் ஈரம் ஊறுவது பள்ளத்தில் தேங்கியதாக இருக்கலாம். எழுத்தைத் தாண்டி மயிர்போல் ஒரு கோடு ஈரமாக எழுந்து வந்தால் அது வெடிப்பு. அந்தக் கத்தியை வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். நான் செய்து கொடுத்ததாக இருந்தால் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம், வேறு அடித்துத் தருகிறேன்.